ஓசி ஓடுதளம்

சோழவரத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இவ்வளவுதான்: பெரிய செலவை யாரோ செய்வார்கள், சுகத்தை வேறு யாரோ அனுபவிப்பார்கள், உள்ளூர்க்காரர் ஜி.என்.டி. சாலையோரம் நின்று வேடிக்கை பார்ப்பார். காஸ்ட் அக்கவுண்டன்ஸி வாத்தியார்கள் இந்த ஊரைப் பாடமாக வைத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, எங்குமே இல்லாத ஒரு பேனா கம்பெனியைக் கற்பனை செய்து, அதன் வாடகையையும் மைச்செலவையும் கூட்டச் சொல்லிப் பிள்ளைகளைத் தூங்கவைக்கிறார்கள்.

முதலில் செலவு செய்ய வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். சென்னைப் பட்டணத்துக்குக் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. ஃப்ரேசர் என்ற அரசாங்க இன்ஜினியர் 1866இல் திட்டம் போட்டார். தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றை மறி. தண்ணீரைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பு. அங்கிருந்து செங்குன்றம் ஏரி. அங்கிருந்து கீழ்ப்பாக்கம் வரை திறந்த வாய்க்கால். 1872இல் தண்ணீர் ஓடியது. மோட்டார் இல்லை, பம்பு இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே போயிற்று. புவியீர்ப்பு விசை சம்பளம் கேட்காது, தீபாவளி போனஸ் கேட்காது, சங்கம் வைக்காது. அணைக்கும் கரைக்கும் கொட்டிய பணம் கொட்டியதுதான். அதன்பிறகு கூடுதலாக ஒரு குடம் தண்ணீர் போனால் கூடுதல் செலவு ஏறக்குறைய பூஜ்யம். வழியில் எந்தெந்த எருமை குளித்தது என்பதைக் கணக்குப்பிள்ளை எழுதிவைக்கவில்லை. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டியும் பம்பும் வந்த பிறகுதான் தண்ணீரோடு சேர்ந்து மாறும் செலவும் பட்டணத்துக்குள் நுழைந்தது.

இப்படி எல்லாப் பணத்தையும் முன்கூட்டியே மண்ணில் புதைத்துவிட்டால் ஒரு சங்கடம் உண்டு. மழை பொய்த்தால் ஏரி காய்ந்துகிடக்கும், கரைகாவலருக்குச் சம்பளம் மட்டும் ஒன்றாம் தேதி தவறாது. 2019 கோடையில் அதுதான் நடந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 50 வேகன், நடைக்கு 25 லட்சம் லிட்டர். ஃப்ரேசரின் ஏற்பாட்டை அப்படியே தலைகீழாகப் புரட்டிய ஏற்பாடு இது. ஒவ்வொரு நடைக்கும் தனியே காசு அழ வேண்டும். ஆனால் மழை வந்ததும் ரயிலை நிறுத்தினார்கள், செலவும் நின்றது. ஏரியை அப்படி ‘இன்றோடு போதும், வீட்டுக்குப் போ’ என்று அனுப்ப முடியாது.

அடுத்து யுத்தம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் குண்டு போட்டுத் தாக்கினான். சென்னைக்கு இப்போதே வருகிறான் என்று வதந்தி. கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கம் ஊரைக் காலிபண்ணச் சொன்னது. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்கு மூட்டை கட்டியது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று, ரிப்பன் மாளிகைக்குப் பின்னாலிருந்த மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பயம்தான் காரணம் என்கிறது வரலாறு. கணக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வரும்: பார்க்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும் சிங்கம் தினமும் அதே அளவு இறைச்சி தின்னும். ஊரே காலியான பிறகு அதைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? மாநகராட்சி வரலாற்றில் நிலையான செலவைத் துப்பாக்கியால் குறைத்த சம்பவம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எல்லா முஸ்தீபுக்கும் பிறகு 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. அதற்குள் மாகாணத்தில் பல இடங்களில் விமானத் தளங்கள் முளைத்திருந்தன. அவற்றில் ஒன்று சோழவரம். வயல்வெளிக்கு நடுவே, போர்விமானத்தின் எடை தாங்குகிற மாதிரி நீண்ட, தட்டையான ஓடுதளம். ராயல் ஏர் ஃபோர்ஸ் ஸ்குவாட்ரன்கள் வந்து தங்கின. 1945இல் சண்டை முடிந்தது, 1947இல் துரைமார்கள் கிளம்பினார்கள். ஏரியையும் எடுத்துப்போக முடியவில்லை, ஓடுதளத்தையும் சுருட்டிக்கொண்டு போக முடியவில்லை. நிலம் ராணுவத்தின் பெயரில் நின்றது.

1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. கார் பைத்தியம் பிடித்த சில வெள்ளைக்காரர்கள், இந்து சந்தோக் போன்ற சில உள்ளூர்ப் பிரமுகர்கள். இவர்கள் கையில் கார் இருந்தது, பெட்ரோல் இருந்தது, மண்டையை உடைத்துக்கொள்ளும் துணிச்சல் ஏராளமாக இருந்தது. ஓட்ட இடம்தான் இல்லை. மவுண்ட் ரோடில் ஓட்டினால் டிராஃபிக் போலீஸ் பிடிக்கும். அப்போதுதான் யாருக்கோ சோழவரம் ஞாபகம் வந்திருக்கிறது. அனுமதி வாங்கி, வருஷத்துக்கு ஒரு தரம் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பார்களே, அந்த நெய் இங்கே இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் வீட்டு நெய்.

கிளப் செய்ய வேண்டியிருந்த செலவு என்ன? புல்லை வெட்டிக் கூட்டிப் பெருக்குவது, சவுக்குக் கட்டை நட்டுக் கயிறு கட்டுவது, பந்தல், மைக் செட், ஆம்புலன்ஸ், வைக்கோல் கட்டு. இந்த வைக்கோல் கட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வளைவில் கார் திரும்பாமல் நேரே போய்விட்டால் முட்டிக்கொள்ள அடுக்கிவைப்பது இது. நிலையான செலவா, மாறும் செலவா?

டிக்கெட் கவுண்டரில் இருப்பவரைக் கேட்டால், “ஆயிரம் பேர் வந்தாலும் முப்பதாயிரம் பேர் வந்தாலும் அதே கட்டுதானே சார், ஃபிக்ஸட்” என்பார். கிளப் செயலாளரைக் கேட்டால், “பந்தயம் வைத்தால்தானே வாங்குகிறேன், ரெண்டு பந்தயம் வைத்தால் ரெண்டு மடங்கு, வேரியபிள்” என்பார். கார் ஓட்டுகிறவரைக் கேட்டால், “நான் எத்தனை தரம் மோதுகிறேனோ அத்தனை கட்டு” என்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்வார். மூவர் சொல்வதும் சரி. எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் ஒரு செலவுக்கு நெற்றியில் நாமம் போடக் கூடாது. வாடகை என்றால் நிலையானது, மூலப்பொருள் என்றால் மாறுவது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதி நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவர்கள்தான் பிற்பாடு மேனேஜராகி, ஆர்டர் குறைந்த மாதத்தில் செலவு ஏன் குறையவில்லை என்று சூப்பர்வைசரைத் திட்டுகிறார்கள்.

வைக்கோலுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. பந்தயம் முடிந்தால் மாட்டுக்குப் போடலாம். கான்க்ரீட் சுவரை எந்த மாடும் தின்னாது.

இந்த ஓசித் தளத்தில் ஓட்டியவர்களைப் பாருங்கள். தங்கள் பங்குக்கு அவர்கள் சிக்கனமாக இருந்தார்கள் என்று யாரும் குற்றம்சாட்ட முடியாது. குஜராத்திலிருந்து கோண்டல் அரச குடும்பத்தவர் அயல்நாட்டு ரேஸ் காரோடு வந்தார். 1971இல் அரசியல் சட்டத்தின் 26ஆம் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்திருந்தது. நிலையான வருமானம் போய்விட்டது, நிலையான ஆசை போகவில்லை. 1980களின் தொடக்கத்தில் பெங்களூரிலிருந்து விஜய் மல்லையா ஓர் என்சைன் ஃபார்முலா ஒன் காரோடு வந்தார். பக்கத்தில் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து மேய்ந்து, கதவைக் கழற்றி, இன்ஜினைக் குடைந்து, வெல்டிங் வைத்துக் கொண்டுவந்த மெக்கானிக் பையன்கள். பைக் என்றால் ஜாவா, யெஸ்டி, என்ஃபீல்டு. எல்லோருக்கும் ஒரே தரை, ஒரே வைக்கோல்.

கணக்கில் கெட்டிக்காரர் கோயம்புத்தூர் கரிவரதன். பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. காட்டன் விலை ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர். ஒவ்வொருவனும் தனித்தனியாக ஒரு காரை இழைத்து இழைத்துச் செய்தால் பந்தயம் பணக்காரர் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காது என்று அவருக்குப் புரிந்தது. மாருதி 800 இன்ஜினைப் பின்னால் வைத்து, ஒரே அச்சில் ஒற்றை இருக்கைக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி. டிசைனுக்கும் அச்சுக்கும் ஒரு தரம் செலவு. பிறகு உருவாகும் ஒவ்வொரு காரும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். இன்ஜின் போனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் காலெடுத்து வைத்தது இந்தக் காரில்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார்; அந்த நாளைப் பார்க்கவில்லை.

சரி, இத்தனை சொகுசான ஓசித் தளத்தை கிளப் ஏன் விட்டது? வீடு நமதில்லை என்பதுதான். ராணுவம் ஒரு கடிதத்தில் ‘இந்த ஆண்டு வசதிப்படாது’ என்று எழுதினால் பந்தயம் இல்லை. வருஷம் முழுக்கப் பயிற்சி கொடுக்க முடியாது. பெட்டிக்கடை போட முடியாது. ஒவ்வொரு தடவையும் பந்தலை நட்டுப் பிடுங்க வேண்டும். தளமும் கிழவனாகிக்கொண்டிருந்தது. ஆகவே கிளப் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, சுமார் 3.7 கிலோமீட்டருக்குச் சொந்தத் தடம் கட்டி, 1990இல் குடிபுகுந்தது. சோழவரம் மறுபடியும் சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்தது.

ஆபரேட்டிங் லீவரேஜ் என்ற சமாசாரம் இங்கேதான் மேடைக்கு வருகிறது. கிளப்பின் பேரேடு என்னிடம் இல்லை, ஆகவே நானே எண்களை இட்டுக்கட்டுகிறேன். ஒரு பந்தயத்தில் வசூல் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சோழவர பாணியில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் பந்தல், வைக்கோல் வகையறா 3 லட்சம். வருஷத்துக்குக் கிளப் அலுவலகச் செலவு அரை லட்சம். சொந்தத் தடத்தில் பந்தயத்துக்கு 1 லட்சம்தான், ஆனால் காவலாள், பராமரிப்பு, தேய்மானம், வட்டி என்று வருஷத்துக்கு 20 லட்சம், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும். யானை கட்டித் தீனி.

வருஷத்துக்கு 8 பந்தயம் நடந்தால் ஓசித் தளத்தில் லாபம் ஏழரை லட்சம். சொந்தத் தடத்தில் பந்தயத்துக்கு 3 லட்சம் மிஞ்சி, மொத்தம் 24 லட்சம். இருபது போக நாலு. ‘சொந்த வீடு கட்டினவன் முட்டாள்’ என்று மாமனார் சிரிப்பார். பொறுங்கள். பந்தயம் பன்னிரண்டாகிறது, ஒன்றரை மடங்கு. ஓசித் தளத்தின் லாபம் பதினொன்றரை லட்சம், அதுவும் ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். சொந்தத் தடத்தில் 36 கழித்தல் 20, அதாவது 16 லட்சம். நாலு பதினாறாகிறது, நான்கு மடங்கு. எட்டுப் பந்தய நிலையில் மிச்சம் 24, லாபம் 4, வகுத்தால் 6. பந்தயம் நூற்றுக்கு 50 கூடினால் லாபம் அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 300 கூடும் என்று அந்த ஆறு சொல்கிறது. லீவரேஜ் என்பது இந்த ஆறுதான். ஓசித் தளத்துக்கு அது ஒன்றுக்குச் சற்றே மேல். எருமை மாதிரி நிதானம்.

மாமனார் சிரிப்பை நிறுத்தினார் அல்லவா? இப்போது எட்டுப் பந்தயம் ஆறாகக் குறையட்டும். நூற்றுக்கு 25 குறைவு, அதை ஆறால் பெருக்கினால் 150. நாலு லட்சம் லாபம் போய், மேலே 2 லட்சம் நஷ்டம். ஓசித் தளமோ ஆறு பந்தயத்திலும் ஐந்தரை லட்சம் லாபத்தோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும். ஏழு பந்தயத்துக்குக் கீழே சொந்தத் தடம் கையைக் கடிக்கும். ஒன்பது வரை ஓசித் தளம் மேல். பத்திலிருந்து சொந்தத் தடம் மேல். ஆகவே ‘சொந்தமா, வாடகையா’ என்று நாள் நட்சத்திரம் பார்ப்பதற்கு முன் ஆண்டுக்கு எத்தனை நாள் கார் ஓடும் என்று விரல் விட்டு எண்ண வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்டர் இல்லாத நாளிலும் மின்வாரியத்துக்கு டிமாண்ட் சார்ஜ் கட்டுகிற வயிற்றெரிச்சல் அவர்களுக்குத் தெரியும்.

இருங்காட்டுக்கோட்டையில் கிளப் அளவோடு நின்றுகொண்டது. உலகத்தரம் என்று வானத்துக்கு ஏணி போடவில்லை. கார் கம்பெனிகளின் சோதனை ஓட்டம், பைக் பந்தயம், பயிற்சிப் பள்ளி என்று நாட்களை நிரப்பியது. 1990களின் பிற்பகுதியில் பக்கத்திலேயே ஹூண்டாய் வந்து நிலவிலை எகிறியது தனிக் கூத்து. யானை இருந்தாலும் ஆயிரம் பொன் என்பது இதுதான் போலிருக்கிறது; ஆனால் பேரேடு வாங்கிய விலையைத்தான் காட்டும், அதற்கு அக்கம்பக்கம் பார்க்கத் தெரியாது.

அளவு தெரியாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நொய்டா பக்கம் போக வேண்டும். ஜேபி குழுமம் சுமார் 2,000 கோடி ரூபாயில் புத் சர்வதேசத் தடத்தைக் கட்டியது. 2011, 2012, 2013 என மூன்று ஃபார்முலா ஒன் பந்தயம். மூன்றிலும் ஜெயித்தவர் வெட்டல். நான்காவது நடக்கவில்லை. ஆண்டுக்கு மூன்று நாள் ஓட்டத்துக்கு 365 நாள் தீனி தின்னும் யானை. 2020இல் யமுனா விரைவுச்சாலை ஆணையம் நில ஒதுக்கீட்டையே ரத்துசெய்தது. இதில் வருமானவரித் துறையின் நகைச்சுவை தனி ரகம். பந்தயம் மூன்று நாள்தானே, எங்களுக்கு இந்தியாவில் நிலையான கடை ஏது என்று ஃபார்முலா ஒன் நிறுவனம் வாதாடியது. அந்தத் தடம் உங்களுக்கு நிலையான தொழில் இடம்தான், வரியைக் கட்டு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வைக்கோல் கட்டுக்கு மூன்று பதில் இருந்த மாதிரி, மூன்று நாளுக்கும் ஆளாளுக்கு ஒரு பதில்.

மல்லையாவின் கதையும் இதே பாடத்தின் பெரிய எழுத்துப் பதிப்பு. விமானமே இறங்காத ஓடுதளத்தில், அடுத்தவர் செலவில் வேகமாகப் போனவரை, 2005இல் சொந்தமாக விமானம் பறக்கவிடும் ஆசை பிடித்தது. விமானக் கம்பெனியைப்போல் லீவரேஜ் ஏறிய தொழில் அதிகம் இல்லை. குத்தகைப் பணம், விமானி சம்பளம், பார்க்கிங், எல்லாம் உள்ளே 40 பேர் இருந்தாலும் 180 பேர் இருந்தாலும் ஒன்றே. கடைசியாக ஏறுகிற ஒருவருக்கு ஆகும் செலவு கொஞ்சம் எரிபொருளும் ஒரு சாப்பாடும். நிரம்பினால் கொழிக்கும், கால்வாசி காலியானால் கவிழும். அவருடைய கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி ஒரு வருஷம்கூட லாபம் காட்டவில்லை. இதற்கு நடுவே ஐந்து ஏர்பஸ் ஏ380க்கு ஆர்டர் வேறு, ஒன்றும் வந்துசேரவில்லை. 2012 அக்டோபரில் விமானங்கள் நின்றன. 2008இல் ஆரம்பித்த அவருடைய ஃபோர்ஸ் இந்தியா ரேஸ் அணி 2018இல் திவால் நிர்வாகத்துக்குப் போயிற்று. சோழவரத்திலேயே நிறுத்தியிருந்தால் செலவு ஒரு காரோடும் சில வைக்கோல் கட்டோடும் முடிந்திருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு சென்னை மறுபடியும் பழைய வழிக்கே வந்தது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு ஃபார்முலா 4 இரவுப் பந்தயம். தடம் கட்ட வேண்டியதில்லை; சாலையை ஏற்கெனவே வரிப்பணத்தில் போட்டாயிற்று. பந்தலுக்குப் பதில் விளக்குக் கம்பம், வைக்கோலுக்குப் பதில் கான்க்ரீட் சுவர். முடிந்ததும் பிரித்து எடுத்துவிடலாம், மாநகரப் பேருந்து அதே தாரில் ஓடும். ஆனால் 1953 மாதிரி சத்தமில்லாமல் முடியவில்லை. செலவு யாருடையது, அரசாங்கமா தனியாரா என்று வழக்குப் போட்டார்கள், கோர்ட்டு வரை போய் வாதாடினார்கள். சோழவரத்தில் அந்தப் பிரச்சினையே எழவில்லை. ஓடுதளத்துக்குப் பில் கொடுத்தவர்கள் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அதே தளத்தில் என்சைன் ஓட்டியவரும் 2016 மார்ச்சில் அங்கேதான் போனார். அவரிடம் பில் நீட்ட பாங்குகள் மட்டும் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கின்றன.